தாங்கும் நெல்லும் முறையிடும் நெல்லும்

சிறு வயதில் வாப்பாவோடு வட்டைக்குப் போவேன். எங்காவது ஓரிடத்தில் வெள்ளாமை மஞ்சளித்து நின்றால் அவர் வரம்பில் குந்தியிருந்து ஓர் இலையை விரலுக்கிடையில் வைத்துத் தடவிப் பார்ப்பார். “நெல்லுக்கு வாய் இல்ல மகன். அது இலையாலதான் முறையிடும்” என்பார். பசளை போடுவதா, தண்ணீரை வடிய விடுவதா என்பதை அதன் பிறகுதான் முடிவெடுப்பார். நெல் முறையிட்டால்தான் உழவன் திரும்பிப் பார்ப்பான் என்பது அவருடைய கணக்கு.

பின்னாளில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தபோது ‘தாங்கு’ என்ற வினையில் ஒரு விசித்திரத்தைக் கண்டேன். சுமையைத் தாங்குவது, துன்பத்தைத் தாங்குவது என்றால் பொறுத்துக்கொள்வது. அதே அடியிலிருந்து பிறந்த ‘மனத்தாங்கல்’ என்பதோ உள்ளே கிடந்து உறுத்தும் முறைப்பாடு. பொறுமைக்கும் முறைப்பாட்டுக்கும் ஒரே வேர். கடந்த நூறு ஆண்டுகால நெல்லின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வருகிறது.

நெல் விஞ்ஞானம் ‘தாங்கும்’ நெல்லை உண்டாக்கப் பெரும் உழைப்பைச் செலவிட்டிருக்கிறது. வெள்ளம் தாங்கும் நெல், உப்புத் தாங்கும் நெல், வரட்சி தாங்கும் நெல் என்று அது தந்தவை ஏழை உழவனுக்குப் பேருதவி. ஆனால் மண்ணில் கட்மியமோ ஆசனிக்கோ இருக்கும்போது ஒரு நெல் அதைத் தாங்கிக்கொண்டு பச்சைப்பசேலென்று நிற்குமானால், அந்த நஞ்சு எங்கே போயிற்று என்று கேட்க வேண்டியிருக்கிறது. வேரிலேயே நின்றுவிட்டதா, இல்லை மணிக்குள் ஏறிச் சோற்றுப் பானைக்கு வந்துவிட்டதா? இந்தக் கேள்வியை உலகம் கேட்கத் தொடங்கியது இரண்டு நாடுகளின் துயரத்துக்குப் பிறகுதான். ஒன்று ஜப்பான். மற்றது பங்களாதேஷ்.

ஜின்சு ஆற்றங்கரை

ஜப்பானின் கிபு மாகாணத்து மலைகளில் கமியோக்கா என்ற பழைய சுரங்கம் இருந்தது. அங்கே ஈயமும் நாகமும் வெள்ளியும் எடுத்தார்கள். மிட்சுயி நிறுவனத்தின் கையில் அது பெரும் தொழிலாக வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் போர்கள் உலோகத்துக்கான தேவையைப் பெருக்கின. நாகத் தாதுவோடு எப்போதும் கூடவே வருவது கட்மியம். அன்று அதற்குப் பெரிய விலை கிடையாது. கழிவோடு கழிவாக அது ஆற்றில் இறங்கியது. அந்த ஆறுதான் ஜின்சு. மலையிலிருந்து இறங்கித் தொயாமா மாகாணத்தின் நெல்வயல்களுக்குப் பாயும் ஆறு அது.

முதலில் முறையிட்டவை மீனும் பயிரும்தான். மீன் செத்து மிதந்தது. சுரங்கச் சேறு படிந்த வாய்க்கால் ஓரங்களில் பயிர் கருகியது. விவசாயிகள் போருக்கு முன்பே இதைச் சொல்லி முறைப்பாடு செய்தார்கள். கழிவைத் தேக்கிவைக்கச் சில ஏற்பாடுகளும் நடந்தன. ஆனால் பயிர் சேதத்துக்கு நட்டஈடு பேசியவர்கள், அந்த வயலில் தப்பி விளைந்த நெல்லை உண்டவர்களைப் பற்றிப் பேசவில்லை.

உண்டவர்களுக்கு நடந்தது கொடுமை. 1910களிலிருந்தே அந்த ஆற்றங்கரைக் கிராமங்களில் ஒரு நோய் காணப்பட்டது. சிறுநீரகம் பழுதாகி, எலும்பு மெதுமெதுவாக இளகி, கடைசியில் ஒரு இருமலிலேயே முறிந்துபோகும் நிலை வரும். பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் பல பிள்ளைகளைப் பெற்ற, நடுவயது கடந்த பெண்கள். உடலில் இரும்புச்சத்துக் குறைந்தால் குடல் கட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பது பின்னாளில் தெரிந்த உண்மை. அன்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது வலி ஒன்றுதான். “இத்தாய், இத்தாய்” என்று கதறினார்கள். ‘நோகுது, நோகுது’ என்று அதற்குப் பொருள். 1955இல் உலகம் அறியத் தொடங்கியபோது அந்த அழுகையே நோயின் பெயராயிற்று: இத்தாய்-இத்தாய் நோய்.

ஊர் வைத்தியரான நொபொரு ஹகினோ பல ஆண்டுகள் இந்த நோயாளர்களைப் பார்த்து வந்தார். இதற்குக் காரணம் சுரங்கத்திலிருந்து வந்த கட்மியம் என்று 1960களின் தொடக்கத்தில் அவரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் சொன்னார்கள். எளிதில் யாரும் ஏற்கவில்லை. 1968இல்தான் ஜப்பானிய சுகாதார அமைச்சு இதை மாசினால் வந்த நோய் என்று அறிவித்தது. அதே ஆண்டு நோயாளர்களும் குடும்பத்தாரும் வழக்குப் போட்டார்கள். 1971இல் தொயாமா நீதிமன்றத்தில் வென்றார்கள். 1972இல் மேன்முறையீட்டிலும் வென்றார்கள். ஜப்பானின் நான்கு பெரும் மாசு வழக்குகளில் பாதிக்கப்பட்டோருக்குச் சார்பாக முதலில் தீர்ப்பானது இதுதான். அரசு ஏற்றுக்கொண்ட நோயாளர்களின் தொகை சுமார் 200. ஏற்கப்படாமலே கபுறுக்குப் போனவர்களின் கணக்கு அதற்குள் வராது.

மண்ணைத் திருத்தும் வேலை 1979இல் தொடங்கி 2012 வரை நடந்தது. 860 ஹெக்டேயருக்கு மேற்பட்ட வயலின் மேல்மண்ணை மாற்றவோ மூடவோ செய்தார்கள். ஒரு சுரங்கம் கெடுத்த மண்ணைச் சீராக்க முப்பத்துமூன்று வருடங்கள் போயின.

இந்த வரலாற்றில் நம் விடயத்துக்கு வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. சேறும் மற்ற உலோகங்களும் மிகுந்த இடத்தில்தான் பயிர் கருகியது. கட்மியம் மட்டும் மனிதனுக்குக் கேடு செய்யும் அளவில் மண்ணில் இருந்தால், நெல் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. தூர் கட்டும், கதிர் தள்ளும், விளைச்சலும் குறையாது. 1970இல் ஜப்பான் வயல்மண் மாசுத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்து, ஒரு கிலோவில் 1 மில்லிகிராமும் அதற்கு மேலும் கட்மியம் உள்ள அரிசியைத் தடுத்தது. அப்படித் தடுக்கப்பட்ட அரிசி பார்வைக்கு நல்ல அரிசிதான். வாப்பாவின் இலைச் சோதனை அங்கே பலிக்காது.

குழாய்க்கிணறு தேசம்

ஜப்பானில் நஞ்சைக் கொண்டுவந்தது பேராசை. பங்களாதேஷில் அதைக் கொண்டுவந்தது இரக்கம்.

குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்து வாந்திபேதியால் குழந்தைகள் சாகும் நாடு அது. 1970கள் தொட்டு அரசும் யுனிசெஃப் போன்ற அமைப்புகளும் கிராமம் கிராமமாகக் குழாய்க்கிணறுகளை இறக்கின. கிருமி இல்லாத நீர் கிடைத்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் இமயமலையிலிருந்து ஆறுகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து படியவைத்த வண்டலில் ஆசனிக் இருந்தது. காற்றுப்படாத ஆழத்தில் இரும்புத் துகள்கள் கரையும்போது, அவற்றில் ஒட்டியிருந்த ஆசனிக்கும் நீரில் கரைந்தது. அதற்கு நிறமோ மணமோ ருசியோ இல்லை.

எல்லைக்கு அப்பால் மேற்கு வங்கத்தில் தோல் வைத்தியரான கே. சி. சாஹா 1983இல் ஆசனிக்கால் தோல் கறுத்துத் தடித்த நோயாளர்களை அடையாளம் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் பங்களாதேஷிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்களும் அவரிடம் வந்தார்கள். பங்களாதேஷில் கிணற்று நீரில் ஆசனிக் உறுதிப்பட்டது 1993இல், சாபாய் நவாப்கஞ்சில். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் அலன் ஸ்மித்தும் மற்றவர்களும், ஒரு மக்கள்தொகைக்கு வரலாற்றில் நேர்ந்த மிகப் பெரிய நஞ்சேற்றம் இது என்று எழுதினார்கள். 12½ கோடி மக்களில் 3½ கோடி முதல் 7.7 கோடி வரையானோர் ஆபத்துக்குள் இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள்.

குடிநீர் பற்றிய செய்தி உலகமெல்லாம் பரவியது. நெல் பற்றிய செய்தி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. குழாய்க்கிணற்று நீரைக் குடித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. வயலுக்கும் இறைத்தார்கள். மழைக்காலத்து ஆமன் போகத்தோடு, வரண்ட மாதங்களில் கிணற்று நீரால் விளையும் போரோ போகம் வேகமாக வளர்ந்தது. தேசத்தின் பசியைத் தீர்த்ததில் போரோ நெல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு போகமும் இறைக்கும் நீரோடு ஆசனிக்கும் வயலில் படிந்தது. 2003 அளவில் அண்ட்ரூ மெஹார்க் போன்ற ஆய்வாளர்கள் பங்களாதேஷின் வயல்மண்ணையும் அரிசியையும் அளந்து, ஆசனிக் சோற்று வழியாகவும் வருகிறது என்று காட்டினார்கள். மழை நீரில் விளைந்த ஆமன் அரிசியை விடக் கிணற்று நீரில் விளைந்த போரோ அரிசியில் அது பொதுவாகக் கூடுதலாக இருந்தது.

நமது பிக்ஹ் நூல்கள் விளைச்சலின் ஸகாத்தைச் சொல்லும்போது தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கின்றன. மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. அது உழவனின் உழைப்பையும் செலவையும் கருதிய கணக்கு. ஆனாலும் ‘இந்த நெல் எந்தத் தண்ணீரில் விளைந்தது’ என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் பழைமையானது. போரோ நெல்லின் கதையைப் படித்தபோது அந்தக் கேள்விக்கு இன்னுமொரு தேவை இருப்பது தெரிந்தது.

வேரில் உள்ள கதவுகள்

எல்லாத் தானியமும் மண்ணில்தானே விளைகிறது, நெல்லில் மட்டும் ஏன் இவ்வளவு? கோதுமையோடும் வாற்கோதுமையோடும் ஒப்பிட்டால் நெல் மணியில் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆசனிக் சேர்கிறது. இதன் விடை கிடைத்தது 2006க்கும் 2008க்கும் இடையில்.

நெல் சிலிக்கனுக்கு ஆலாய்ப் பறக்கும் பயிர். காய்ந்த தாளின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சிலிக்கா இருக்கலாம். உமியைத் தொட்டால் சுரசுரப்பது அதனால்தான். வைக்கோல் வெட்டும் கத்தி சீக்கிரம் மழுங்குவதும் அதனால்தான். தாள் சாயாமல் நிற்க, எரிபந்த நோயை எதிர்க்க, பூச்சியின் பல்லுக்கு ஈடுகொடுக்க நெல்லுக்கு அது வேண்டும். ஆக, நெல்லின் தாங்கும் சக்தியில் ஒரு பங்கு சிலிக்கனிலிருந்தே வருகிறது. ஒகயாமா பல்கலைக்கழகத்தில் ஜியன் ஃபெங் மா என்பவரின் குழு, சிலிக்கனை வேருக்குள் எடுக்கும் கதவுக்கான பரம்பரையலகை 2006இல் கண்டது. எல்.எஸ்.ஐ.1 என்று அதற்குப் பெயர். அங்கிருந்து மேலே அனுப்பும் இரண்டாவது கதவை 2007இல் கண்டார்கள்.

2008இல் அதே குழு சொன்ன செய்திதான் திகைக்கவைத்தது. தண்ணீர் தேங்கிய வயலில் காற்று இல்லை. அங்கே ஆசனிக் ஆசனைற்று என்ற வடிவுக்கு மாறும். அது மின்னேற்றம் இல்லாத சிறிய மூலக்கூறு. சிலிக்கனும் மண்ணீரில் அப்படியான வடிவில்தான் இருக்கும். கதவுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. தன்னைக் காக்க நெல் திறந்துவைத்த கதவாலேயே நஞ்சும் உள்ளே வருகிறது.

கட்மியத்தின் கதையும் இதே மாதிரித்தான். நெல்லுக்கு மங்கனீசு வேண்டும். அதை எடுக்கும் கதவுக்கு என்ராம்ப்5 என்று பெயர். கட்மியமும் அதால்தான் நுழைகிறது என்று 2012இல் தெளிவாயிற்று. நுழைந்த பின் அதை நிறுத்தவும் ஒரு வழி உண்டு. எச்.எம்.ஏ.3 என்ற பரம்பரையலகு, வேர்க் கலங்களின் புன்வெற்றிடத்துக்குள் கட்மியத்தைத் தள்ளிப் பூட்டிவைக்கிறது. 2010இல் இதைக் கண்டவர்கள் அஞ்சன தான் என்ற இந்திய நெல்லோடு ஒரு ஜப்பானிய நெல்லை ஒப்பிட்டார்கள். அஞ்சன தானில் அந்தப் பூட்டு வேலை செய்யவில்லை. கட்மியம் தாளுக்கு ஏறியது.

தண்ணீரைக் கொண்டு இதைச் சரிசெய்யலாமே என்று உழவன் கேட்பான். நியாயமான கேள்வி. ஆனால் தண்ணீரைத் தேக்கினால் ஆசனிக் கரைந்து எழும். கட்மியமோ கந்தகத்தோடு சேர்ந்து மண்ணில் உறையும். தண்ணீரை வடித்தால் ஆசனிக் அடங்கும். கட்மியம் விடுபட்டு வேருக்கு வரும். இரண்டும் உள்ள மண்ணில் ஒன்றுக்குச் செய்த வைத்தியம் மற்றதற்கு ஊட்டமாகும். அதனால்தான் விதையின் பக்கம் போக வேண்டியிருந்தது.

தாங்குவதில் இரண்டு விதம்

விதைக்குள் தேடும்போது ஒரு வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். ஒரு பயிர் தீங்கைத் தாங்குவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. வாசலிலேயே தடுத்துத் தப்புவது ஒரு வழி. உள்ளே வாங்கி, தனக்குக் கேடு வராமல் ஒரு மூலையில் போட்டுவைத்துத் தப்புவது மற்ற வழி. வயலில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே பச்சைதான்.

உப்பைத் தாங்கும் நெல்லை எடுப்போம். கேரளத்தின் கடலோரச் சேற்றில் விளையும் பொக்காளியும், வங்கத்தின் நோனா பொக்ராவும் பேர்போனவை. ‘நோனா’ என்றால் வங்காளத்தில் உப்பு. 2005இல் நோனா பொக்ராவில் கண்ட பரம்பரையலகு, மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தை மீட்டு இலைக்குப் போகாமல் காக்கிறது. பொக்காளியும் தாளில் சோடியத்தைக் குறைவாகவே சேரவிடுகிறது. இவை வாசற்காவலால் தாங்கும் நெற்கள்.

பொக்காளி நமக்கும் அந்நியமல்ல. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்திலேயே இலங்கையின் உவர் வயல்களுக்கு அது கொண்டுவரப்பட்டது. அம்பலாந்தோட்டை ஆய்வு நிலையம் தந்த ஏ.டி. 354 அதன் வழிவந்தது. 2004 டிசம்பரில் கடல் வந்து நம் கிழக்குக் கரை வயல்களில் உப்பை இறைத்துவிட்டுப் போனபோது, உப்புத் தாங்கும் விதை என்ற பேச்சு எங்கள் ஊர்களிலும் எழுந்தது.

வெள்ளம் தாங்கும் நெல்லிலும் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் உலகத்து நெல் வகைகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்திச் சோதித்தது. தாக்குப்பிடித்த சிலவற்றில் ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ முதன்மையானது. அதோடு பேசப்படுகிற பெயர்களில் குறுக்கறுப்பன், தவலு, கொட ஹீனட்டி ஆகியவை இலங்கை நெற்கள். எஃப்.ஆர். 13ஏயில் உள்ள சப்1 என்ற பகுதி 2006இல் விளங்கப்பட்டது. வெள்ளத்தில் அமிழ்ந்ததும் மேலே வளரத் துடித்துச் சக்தியை வீணாக்காமல் நெல்லை அடங்கியிருக்கச் செய்வது அதன் வேலை. இரண்டு கிழமைவரை தண்ணீருக்கடியில் கிடந்து, நீர் வடிந்ததும் துளிர்க்கும். 2010இல் பங்களாதேஷ் அதை பிரி தான் 51, 52 என்ற பெயர்களில் தன் உழவர்களுக்குக் கொடுத்தது. குறுக்கறுப்பனைக் காத்தவர்கள் பெயரில்லாத உழவர்கள். ஒரு விதையைச் சூடடித்த பின் தனியாக எடுத்து, அடுத்த போகத்துக்கு அவர்கள் வைத்திராவிட்டால் ஆய்வுகூடத்துக்கு அது போயிருக்காது.

இப்போது உள்ளே வாங்கித் தாங்கும் வழிக்கு வருவோம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் முன்பு பருத்தி விளைந்த நிலங்களில் நெல் போட்டபோது ஒரு விசித்திரம் கண்டார்கள். அறுவடை நேரத்தில் கதிர் குனியாமல் நிமிர்ந்தே நின்றது. உள்ளே மணி இல்லை, பதர். பருத்திக்கு அடித்த ஆசனிக் மருந்துகள் மண்ணில் தங்கியது அதற்கு ஒரு காரணம். நெல் முறையிட்ட விதம் அது. இனவிருத்தியாளர்கள் ஆசனிக் சேர்த்த மண்ணில் நட்டுப் பார்த்து, அதிலும் மணி பிடிக்கும் வகைகளைத் தெரிந்தெடுத்தார்கள். விளைச்சல் காக்கப்பட்டது. ஆனால் ஆசனிக்கைத் தாங்கி மணி பிடிப்பதும், மணிக்குள் ஆசனிக்கை விடாமல் இருப்பதும் ஒரே பண்பு கிடையாது. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அளக்காமல் தாங்கும் சக்தியை மட்டும் பார்த்து விதையைத் தெரிந்தால், முதலில் வாய் திறக்கும் சாட்சியின் வாயை நாமே கட்டிவிடுகிறோம். பிறகு முறையிடுவது உண்டவரின் சிறுநீரகமும் எலும்பும்தான்.

உடலுக்குள் பூட்டிவைக்கும் வழி முழுக்கக் கெட்டது என்றும் சொல்ல முடியாது. பூட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் விடயம். 2014இல் விளங்கிய ஏ.பி.சி.சி.1 என்ற பரம்பரையலகு, தாளின் கணுக்களில் ஆசனிக்கைப் புன்வெற்றிடங்களுக்குள் அடைத்து, மணிக்குப் போவதைக் குறைக்கிறது. வேரிலும் கணுவிலும் பூட்டினால் உண்பவனுக்குப் பாதுகாப்பு. மணியில் சேர்ந்தால் ஆபத்து.

ஒரு கதவை மூடியபோது

கட்மியத்தால் அழுத நாடே அதற்கு விதையில் பதில் தேடியது. ஜப்பானியர் பெரிதும் விரும்பி உண்ணும் கொஷிஹிகாரி நெல்லின் மீது கார்பன் அயன் கற்றையைப் பாய்ச்சினார்கள். அதன் வழிவந்த 2,592 பயிர்களைச் சோதித்ததில் மூன்றே மூன்றில் கட்மியம் மிகக் குறைந்திருந்தது. மூன்றிலும் என்ராம்ப்5 கதவு பழுதாகியிருந்தது. மாசுற்ற மண்ணில் வளர்ந்த சாதாரண கொஷிஹிகாரியின் மணியில் ஒரு கிலோவுக்குச் சராசரி 1.73 மில்லிகிராம் கட்மியம். விகாரம் அடைந்தவற்றில் 0.05க்கும் குறைவு. 2012இல் இந்த முடிவு வெளிவந்தது. அதிலிருந்து கொஷிஹிகாரி கான் 1 என்ற இனம் பிறந்தது.

மங்கனீசும் அதே கதவால் வருவதுதானே, அது என்னவாயிற்று? குறைந்துதான் போயிற்று. மங்கனீசு போதாத மண்ணில் இந்த இனங்களில் கபிலப்புள்ளி நோய் கூடுதலாக வருகிறது. அதனால் அப்படியான மண்ணுக்கு வேறு பராமரிப்புத் தேவைப்படுகிறது. நஞ்சுக்கு மட்டும் மூடும் கதவு இன்னும் கைக்கு வரவில்லை. வடக்கு ஜப்பானின் அக்கித்தா மாகாணம் தன் புகழ்பெற்ற அக்கித்தாகொமாச்சி நெல்லுக்குப் பதிலாக, இதே பண்பைக் கலப்பால் ஏற்றிய ‘ஆர்’ வகையை 2025இல் பயிருக்குக் கொண்டுவந்தது. கதிர்வீச்சால் வந்த நெல்லை உண்பதா என்று சிலர் எதிர்த்தார்கள். விகாரத்தை உண்டாக்கியது முதல் தலைமுறையில் பாய்ச்சிய கற்றை. அதன் பின்வந்த விதையிலோ அரிசியிலோ கதிர்வீச்சு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. ஆனாலும் எனக்கு அந்த எதிர்ப்பில் கோபம் வரவில்லை. தன் சோற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமையை அந்த நாட்டு மக்கள் ஜின்சு ஆற்றங்கரைப் பெண்களிடமிருந்து பெற்றார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது விஞ்ஞானிகளின் கடமை.

நமது சோறு

நம் நாட்டிலும் இந்தக் கேள்விக்கு இடம் உண்டு. 1990கள் தொட்டு மதவாச்சி, பதவியா போன்ற வடமத்திய விவசாயக் கிராமங்களில் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் பரவியது. நோயாளர்களில் பெரும்பாலோர் வயலில் உழைத்தவர்கள். சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் நடத்தி 2013இல் வெளிவந்த ஆய்வு, நோயாளர்களின் சிறுநீரில் கட்மியம் மற்றவர்களை விடக் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. வேறு ஆய்வுகள் கடின நீர், புளோரைட்டு, வெயிலில் உழைத்து உடல் வரளுதல் ஆகியவற்றைக் காட்டுகின்றன. ஒரு காரணத்தில் எல்லோரும் ஒன்றுபடவில்லை. ஆகவே ‘நம் அரிசி நஞ்சு’ என்று பயமுறுத்துவது தவறு. ‘ஒன்றுமில்லை’ என்று மூடிவைப்பதும் தவறு. அளந்து பார்ப்பதுதான் சரி. அதற்கு அளவுகோலும் உண்டு. சர்வதேச உணவு விதிகளின்படி தீட்டிய அரிசியில் ஒரு கிலோவுக்குக் கட்மியம் 0.4 மில்லிகிராம், அசேதன ஆசனிக் 0.2 மில்லிகிராம் என்பவை எல்லை.

வீட்டளவில் செய்யக்கூடியதும் இருக்கிறது. நிறையத் தண்ணீரில் அரிசியைப் போட்டு அவித்துக் கஞ்சியை வடித்தால் ஆசனிக்கில் கணிசமான பங்கு நீரோடு போய்விடும். நம் உம்மாமார் அடுப்பில் வடித்த சோறு அப்படித்தான். இப்போதைய மின்சார அடுப்பில் தண்ணீர் முழுவதும் சோற்றிலேயே வற்றிவிடுகிறது. ஆனால் வடித்தால் அரிசியில் சேர்த்த நல்ல சத்துக்கள் சிலவும் போகும். சமைக்கிற தண்ணீரே கெட்டதாக இருந்தால் வடித்தும் பயனில்லை. பங்களாதேஷ் கிராமங்களில் நடந்தது அதுதான். வயலளவில் பார்த்தால், மில்களில் மலைபோல் குவிந்து எரிந்துபோகும் உமியில் சிலிக்கன் இருக்கிறது. அதை வயலுக்குத் திருப்பினால் கதவில் சிலிக்கன் முந்திக்கொள்ளும், ஆசனிக் குறையும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

விதையளவில் செய்ய வேண்டியது பெரியது. மார்க்கம் நமக்கு ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே கற்பித்திருக்கிறது. உழைத்துத் தேடிய நெல் ஹலால். அது தய்யிபாகவும் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு புதிய இனத்தை வெளியிடும்போது எத்தனை மாத நெல், ஏக்கருக்கு எத்தனை மூட்டை, எந்த நோயைத் தாங்கும் என்று பட்டியல் தருகிறார்கள். மணியில் எது எவ்வளவு சேரும் என்ற ஒரு வரியையும் அதில் சேர்க்கலாம். பழைய நெற்களையும் இந்தக் கண்ணோடு சோதிக்க வேண்டும். பழையது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. அஞ்சன தானின் பூட்டுப் பழுதாக இருந்ததைக் கண்டோம். ஆனால் நல்ல பூட்டும் நல்ல வாசற்காவலும் இந்தப் பழைய வகைகளுக்குள்ளும் ஒளிந்திருக்கலாம்.

வாப்பா மௌத்தாகிப் பல வருடங்களாயிற்று. இப்போது காக்காதான் வெள்ளாமை செய்கிறார். இந்தக் கட்டுரையை எழுதும் நாட்களில் அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப இலையப் பாத்துச் சொல்லேலாது எண்டு சொல்லுறாய்” என்றார். ஓமென்றேன். “அப்ப ஆரிட்டக் கேக்கிற?” என்றார். அடுத்த போக ஆரம்பக் கூட்டத்தில் கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தரிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தண்ணீர் திறக்கும் திகதி, பசளை, விதை என்று எல்லாம் பேசி முடிந்த பிறகாவது, எங்கள் வட்டை நெல்லின் மணியை யாராவது அளந்து பார்த்தார்களா என்று அவர் எழுந்து கேட்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.